தண்டவாளம் இனி மோட்டாரோடு பேசாது: மாதிரி ரயில் எஞ்சினை டிசிசிக்கு மாற்றுவது எப்படி வேலை செய்கிறது?

மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் டிசிசி, அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியாகத் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை, பற்றிய பேச்சு வராமல் இருக்காது. “ஒரு சிப் போட்டால் போதும், டிஜிட்டல் ஆகிவிடும்” என்பார் ஒருவர். “அது ஏசி கரண்ட், பழைய மோட்டார் தாங்காது” என்பார் இன்னொருவர். “இரண்டே ஒயர்தான், வேறு வேலையே கிடையாது” என்பது மூன்றாவது கட்சி. மூன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசியை நம்பி இறங்குபவர்களின் டீகோடர்தான், அதாவது எஞ்சினுக்குள் வைக்கும் அந்தச் ‘சிப்’தான், முதல் நாளே புகைகிறது.

இங்கே சொல்லப்போவது இரண்டு தண்டவாளங்களில், 12 வோல்ட் டிசியில் ஓடும் எஞ்சின்களைப் பற்றி. 1:87 அளவுள்ள எச்.ஓ, 16.5 மி.மீ. அகலத் தடத்திலேயே ஓடும் 1:76 ஓ.ஓ, 9 மி.மீ. தடத்தில் ஓடும் ‘என்’ (N) ஆகிய மூன்று அளவுகளுக்கும் கதை ஒன்றுதான். நடுவில் மூன்றாவது தொடர்பு வைத்து ஏசியில் ஓடும் வகை வேறு. அதை இங்கே தொடவில்லை.

பழைய முறை: மடை திறந்தால் எல்லா வயலுக்கும்

சாதாரண டிசி கண்ட்ரோலரின் குமிழைத் திருப்பினால் தண்டவாளத்தில் வோல்டேஜ் ஏறுகிறது. சக்கரம் அதை எடுத்து நேராக மோட்டாருக்குக் கொடுக்கிறது. 4 வோல்ட் கொடுத்தால் எஞ்சின் ஊர்கிறது, 12 கொடுத்தால் பறக்கிறது. பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் திரும்பி ஓடுகிறது. வாய்க்கால் மடையைத் திறப்பது மாதிரிதான். மடை திறந்தால் அந்த வாய்க்காலை ஒட்டிய வயல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் பாயும். “மூன்றாவது வயலுக்கு மட்டும் போ” என்று தண்ணீரிடம் சொல்ல முடியாது.

அதனால்தான் டிசி லேஅவுட்டில், அதாவது பலகை மேல் பரப்பிய மொத்தத் தட அமைப்பில், தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு ஸ்விட்ச் வைக்கிறார்கள். ஓட்டுபவர் எஞ்சினை ஓட்டுவதில்லை. எஞ்சின் நிற்கிற தடத்தை ஓட்டுகிறார்.

இதை ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். டிசியில் கிழக்கு நோக்கி ஓடும் எஞ்சினைக் கையில் எடுத்து, தலை வாலாகத் திருப்பி, அதே தடத்தில் வையுங்கள். கண்ட்ரோலரைத் தொடாதீர்கள். எஞ்சின் மறுபடியும் கிழக்கேதான் போகும், இந்த முறை பின்பக்கமாக. எந்தத் தண்டவாளம் பாசிட்டிவ் என்பதுதான் அங்கே திசையைத் தீர்மானிக்கிறது. ஓடும் திசையைப் பார்த்து வலப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவ் என்றால் எஞ்சின் முன்னே போகும் என்பது வழக்கமான விதி. டிசிசியில் இதையே செய்தால் எஞ்சின் மேற்கே போகும். அங்கே ‘முன்’ என்றால் எஞ்சினின் சொந்த முன்பக்கம். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

டிசிசி: குழாயில் எப்போதும் தண்ணீர்

டிசிசி என்பது டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல் என்பதன் சுருக்கம். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. ஒரு நிறுவனத்தின் கண்ட்ரோலரும் இன்னொரு நிறுவனத்தின் டீகோடரும் ஒத்துப்போவது அந்தத் தரத்தால்தான்.

இதில் தண்டவாளம் மடை திறந்து மூடும் வாய்க்கால் அல்ல. எப்போதும் முழு அழுத்தத்தில் இருக்கும் குடிநீர்க் குழாய். எச்.ஓவுக்குச் சுமார் 15 வோல்ட், ‘என்’னுக்குச் சுமார் 12 வோல்ட். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் இது மாறுவதில்லை. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திறந்து மூடுகிற சிறு சர்க்யூட் பலகைதான் டீகோடர்.

திருகை எவ்வளவு திறப்பது என்று டீகோடருக்கு யார் சொல்வது? மேஜையில் இருக்கும் கமாண்ட் ஸ்டேஷன், அதே தண்டவாளத்தின் வழியாகவே சொல்கிறது. வகுப்பில் ஆசிரியர் வருகை எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். “எண் 3” என்பது எல்லார் காதிலும் விழுகிறது. எழுந்து நிற்பது மூன்றாம் எண் மட்டும். “எண் 3, முன்னோக்கி, வேகப் படி 40” என்ற செய்தி தடத்தில் நிற்கும் எல்லா எஞ்சின்களுக்கும் போகிறது. தன் எண் 3 என்று குறித்து வைத்திருக்கும் டீகோடர் மட்டும் அசைகிறது.

மின்சாரத்துக்குள் செய்தி எப்படி ஏறுகிறது?

தண்டவாளங்கள் இரண்டும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பாசிட்டிவும் நெகட்டிவுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. வோல்டேஜின் உயரம் மாறுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது மட்டும் மாறுகிறது. ஒரு பக்கம் 58 மைக்ரோ விநாடி, மறுபக்கம் 58 மைக்ரோ விநாடி நின்றால் அது ‘1’. இரு பக்கமும் 100 மைக்ரோ விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால் ‘0’. தாளத்தில் குறிலும் நெடிலும் போல. கைதட்டும் சத்தத்தின் அளவு ஒன்றுதான், இடைவெளிதான் பேசுகிறது.

ஒரு செய்தியின் தொடக்கத்தில் குறைந்தது பதினான்கு ‘1’கள் வரிசையாக வருகின்றன. “கவனி, வரப்போகிறது” என்ற கனைப்பு அது. பிறகு எஞ்சின் எண், பிறகு கட்டளை, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் டீகோடர் அந்தச் செய்தியைக் குப்பையில் போட்டுவிடும். அழுக்குச் சக்கரத்தால் ஒரு செய்தி சிதைந்தால் எஞ்சின் தறிகெட்டு ஓடாததற்கு இதுதான் காரணம். எளிய செய்தி ஒன்று முடிய 10 மில்லி விநாடிகூட ஆகாது. அதே செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு தவறினாலும் நமக்குத் தெரியாது.

சரி, இது ஏசியா? துருவம் மாறிக்கொண்டே இருப்பதால் ஏசி என்று சொல்ல ஆசை வரும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் போன்ற அலை இது அல்ல. சாதாரண மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்து அளந்தால் வரும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அந்த மீட்டர் 50, 60 ஹெர்ட்ஸ் அலைக்குப் பழகியது. தடத்தின் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும்.

டீகோடருக்குள் நடக்கும் மூன்று வேலை

முதலாவது, தண்டவாளத்தில் துருவம் எப்படி மாறினாலும் உள்ளே ஒரே திசை மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர். இதனால் டீகோடருக்கு எந்தத் தண்டவாளம் பாசிட்டிவ் என்ற கவலையே கிடையாது. இரண்டாவது, செய்தியைப் படித்து ‘எனக்கா, அடுத்தவனுக்கா’ என்று பார்க்கும் மைக்ரோ கண்ட்ரோலர். மூன்றாவது, மோட்டாரை ஓட்டும் பகுதி.

மூன்றாவதைச் சற்று நின்று பார்க்கலாம். டீகோடர் மோட்டாருக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பதில்லை. முழு வோல்டேஜை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. மின்விசிறி ஸ்விட்சை யாராவது படபடவென்று போட்டு அணைத்துக்கொண்டே இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றுமல்லவா, அதையே விநாடிக்குப் பல ஆயிரம் முறை செய்கிறது. இதற்குப் பல்ஸ் அகலக் கட்டுப்பாடு என்று பெயர். மின்சாரம் இல்லாத அந்த நொடித்துளியில் மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றும் மோட்டார் ஒரு குட்டி டைனமோ. அது தரும் வோல்டேஜை டீகோடர் அளந்து, மோட்டார் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்கிறது. ஏற்றத்தில் வேகம் விழுந்தால் தானே கூட்டிக் கொடுக்கிறது. எஞ்சின் நத்தை வேகத்திலும் திக்காமல் ஊர்வது இந்த அளவீட்டால்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம். அதன் துருவ மாற்றத்தின் கால அளவில் செய்தி. டீகோடர் இரண்டையும் பிரித்து, மோட்டாருக்கு வேண்டியதை மட்டும் கொடுக்கிறது. எனவே டிசிசிக்கு மாறிய எஞ்சினில் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நேரடி உறவு எதுவும் இருக்கக் கூடாது. மாற்றும் வேலையின் சாரமே அந்த உறவை வெட்டுவதுதான். டீகோடரை ஒட்டவைப்பது அடுத்தபடி.

‘டிசிசி ரெடி’ என்ற மாயச் சொல்

பெட்டியில் ‘டிசிசி ரெடி’ என்று அச்சிட்டிருந்தால் உள்ளே டீகோடர் இருக்கிறது என்று பொருள் அல்ல. டீகோடரைச் செருக சாக்கெட் இருக்கிறது, அவ்வளவுதான். ஏமாந்து வாங்கியவர்கள் ஏராளம். டீகோடரோடு வருவதற்கு ‘டிசிசி ஃபிட்டெட்’ என்றோ ‘ஆன்போர்டு’ என்றோ எழுதியிருப்பார்கள்.

எச்.ஓவில் அதிகம் காணப்படுவது என்.இ.எம் (ஐரோப்பிய மாதிரி ரயில் தரம்) 652 என்ற 8 பின் சாக்கெட். சிறியவற்றில் என்.இ.எம் 651 என்ற 6 பின், புதிய மாடல்களில் நெக்ஸ்ட் 18, 21 எம்டிசி, ப்ளக்ஸ் 22. கடையில் டீகோடர் கேட்பதற்கு முன் மேல்கூட்டைக் கழற்றிச் சாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள்.

8 பின் சாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு குட்டிப் பலகை செருகியிருக்கும். அதன் முக்கிய வேலை இரண்டு இணைப்புகள்தான்: 1-ஐ 8-உடனும், 4-ஐ 5-உடனும் சேர்ப்பது. அதாவது, மோட்டாரின் இரு முனைகளை இரண்டு தண்டவாளங்களோடு கோப்பது. மேலே சொன்ன அந்த நேரடி உறவே இந்தப் பலகைதான். அதைப் பிடுங்கினால் உறவு அறுந்தது. அந்த இடத்தில் டீகோடரைச் செருகினால் வேலை முடிந்தது. டீகோடர் பிளக்கில் ஆரஞ்சு ஒயர் வரும் முனை 1-ஆம் துளைக்குப் போக வேண்டும். தலைகீழாகச் செருகிவிட்டால் பயப்பட வேண்டாம்: எஞ்சின் பின்பக்கம் ஓடும், விளக்கு எரியாது, எதுவும் கருகாது. அப்படித் திட்டமிட்டே பின் வரிசையை அமைத்திருக்கிறார்கள்.

சாக்கெட் இல்லாத எஞ்சினில்தான் உண்மையான வேலை.

திறப்பதற்கு முன் இரண்டு சோதனை

டிசியில் திக்கித் திணறும் எஞ்சின் டிசிசியிலும் திக்கித் திணறும். டீகோடர் மருத்துவர் அல்ல. முதலில் சக்கரத்தையும் பிக்கப் தகட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல்சக்கரத்தில் ஊசிமுனை அளவு எண்ணெய் விட்டு, டிசியில் பதினைந்து நிமிடம் இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். பிக்கப் என்பது சக்கரத்தின் பின்பக்கத்தை உரசி மின்சாரம் எடுக்கும் மெல்லிய செம்பு அல்லது வெண்கலத் தகடு.

அடுத்தது ஸ்டால் கரண்ட்: மோட்டார் சுற்ற முடியாமல் பிடித்து நிறுத்தும்போது அது இழுக்கும் மின்சாரம். மல்டிமீட்டரை 10 ஆம்ப் நிலையில் வைத்து, ஓர் ஒயரில் தொடராக இணைத்து, 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை விரலால் அசையாமல் பிடியுங்கள். ஒரு விநாடி, அதற்குள் எண்ணைப் படித்துவிட்டு எடுத்துவிடுங்கள். நீட்டினால் மோட்டார் சூடாகிவிடும். நீங்கள் வாங்கும் டீகோடர் இந்த எண்ணைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். 0.7 ஆம்ப் வந்தால் 1 ஆம்ப் டீகோடர் போதும். பழைய திறந்த சட்ட மோட்டார்கள் ஒன்றரை ஆம்ப்புக்கு மேலே போவதுண்டு. அப்படிப்பட்டதில் டீகோடருக்குச் செலவழிப்பதைவிட மோட்டாரையே மாற்றுவது புத்திசாலித்தனம்.

வெட்டும் வேலை

மேல்கூட்டைக் கழற்றியதும் பழைய ஒயர்களைத் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு மோட்டாருக்குப் போகும் எல்லா இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்: ஒயர், தகடு, வானொலி இரைச்சலைத் தடுக்க வைத்த கெப்பாசிட்டர், சுருள் எல்லாம். கெப்பாசிட்டரை விட்டுவைத்தால் டீகோடர் விட்டுவிட்டுக் கொடுக்கும் மின்சாரத்தை அது குழப்பி, வேக அளவீட்டைக் கெடுக்கும்.

சிக்கல் வருவது பார்வைக்குத் தெரியாத இணைப்பில். பல பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் உரசுமுனை) உலோகச் சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். சேசிஸ் ஒரு பக்கச் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும். ஒயரே இருக்காது, ஆனால் இணைப்பு இருக்கும். ‘என்’ அளவு எஞ்சின்கள் பலவற்றில் சேசிஸ் இரண்டு உலோகப் பாதிகளாகப் பிளந்திருக்கும். ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளம். மோட்டாரின் செம்புக் காதுகள் அந்தப் பாதிகளை நேரடியாகத் தொடும். இங்கே காதுகளை மடக்கி, சேசிஸின் உள்பக்கத்தில் காப்டான் டேப் ஒட்ட வேண்டும். சூட்டைத் தாங்கும் மஞ்சள் நிற மெல்லிய டேப் அது. சாதாரண பிவிசி டேப் சூட்டில் பசை கசிந்து வழுக்கிவிடும்.

இப்போது மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து ஆறு முறை தொட்டுப் பாருங்கள். மோட்டாரின் முதல் முனையிலிருந்து இடச் சக்கரம், வலச் சக்கரம், சேசிஸ். இரண்டாம் முனையிலிருந்து அதே மூன்று. ஆறிலும் ஒலி வரக் கூடாது. ஒன்றில் பீப் கேட்டாலும் டீகோடர் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். மோட்டாரைத் திருகி இறுக்கிய பிறகு இதே ஆறையும் மறுபடி செய்யுங்கள். தளர்வாக இருக்கும்போது தொடாத பிரஷ், இறுக்கியதும் தொடுவது சகஜம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், தண்டவாளத்தின் முழு மின்சாரமும் மோட்டார் முனை வழியாக டீகோடரின் வாய்க்குள் பின்பக்கமாகப் பாய்ந்தால் அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். கருகிய டீகோடர்களில் பெரும்பாலானவை தரக்குறைவானவை அல்ல. இந்தப் பீப்பைக் கேட்காமல் விட்டவை.

ஒயர்களின் நிறமும் சாலிடரும்

நிறங்கள் என்.எம்.ஆர்.ஏ தரத்தில் உள்ளவை. எந்த நிறுவனத்தின் டீகோடரானாலும் பெரும்பாலும் இவையே. சிவப்பு வலத் தண்டவாளப் பிக்கப்புக்கு, கறுப்பு இடத்துக்கு. ஆரஞ்சு மோட்டாரில் முன்பு வலத் தண்டவாளத்தோடு சேர்ந்திருந்த முனைக்கு, சாம்பல் மற்றதற்கு. நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான பாசிட்டிவ். வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு. பச்சையும் ஊதாவும் கூடுதல் வேலைகளுக்கு. வலம், இடம் என்பது எஞ்சினுக்குள் உட்கார்ந்து முன்னே பார்க்கும் ஓட்டுநரின் வலமும் இடமும்.

25 முதல் 30 வாட் சாலிடரிங் அயர்ன், கூர்முனை, 0.7 மி.மீ. ரோசின் உள்ள சாலிடர் போதும். அமில ஃப்ளக்ஸ் பக்கம் போகாதீர்கள். சில மாதத்தில் ஒயரைப் பச்சை பூத்துத் தின்றுவிடும். ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சாலிடர் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துத் தூரமாகத் தள்ளி வையுங்கள். சாலிடர் வைத்து முடித்துவிட்டு, மேஜையில் கிடக்கும் குழாயைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை.

டீகோடரை இரட்டைப் பக்கப் பஞ்சு டேப்பில் ஒட்டலாம். மோட்டார் மேல் வேண்டாம். இரண்டும் சூடாகும் பொருள். ஷார்ட் ஆகுமோ என்று பயந்து டீகோடரை முழுவதும் டேப்பில் சுற்றுவதும் தவறு. சூடு வெளியேற வழியில்லாமல் தானே அணைந்து அணைந்து இயங்கும்.

விளக்கு எல்.இ.டி என்றால் நீண்ட கால் நீலத்துக்கு, குட்டைக் கால் ரெசிஸ்டர் வழியாக வெள்ளைக்கோ மஞ்சளுக்கோ. 1 கிலோ ஓம் போட்டால் சுமார் 11 மில்லி ஆம்ப் போகும். மாதிரி எஞ்சினுக்கு அது கண்கூசும் வெளிச்சம். 2.2 முதல் 4.7 கிலோ ஓம் வரை போட்டால் விளக்கு விளக்காகத் தெரியும். நீல ஒயர் சேசிஸைத் தொடக் கூடாது. பழைய எஞ்சினில் பல்பின் ஒரு முனை சேசிஸிலேயே நிற்கும். அதையும் பிரித்தாக வேண்டும்.

முதல் மின்சாரம் எங்கே கொடுப்பது?

முழு லேஅவுட்டில் அல்ல. கமாண்ட் ஸ்டேஷனின் பின்னால் ‘புரோகிராமிங் டிராக்’ என்று தனியாக இரண்டு முனைகள் இருக்கும். அரை அடித் தடம் ஒன்றை அதனுடன் மட்டும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்சாரம் மிகக் குறைவாகவே விடப்படும். எங்காவது தவறாக ஒயர் போட்டிருந்தாலும் டீகோடர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

எஞ்சினை வைத்து அதன் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். புது டீகோடர் என்றால் 3 என்று பதில் வரும். படிக்கும்போது எஞ்சின் லேசாகத் துள்ளுவதைக் கவனியுங்கள். டீகோடருக்கு வாய் இல்லை. ‘ஆம்’ என்று சொல்ல மோட்டாரை ஒரு கணம், சுமார் 6 மில்லி விநாடி, இயக்கிக் காட்டுகிறது. அந்த நேரத்தில் கூடும் மின்சாரத்தைக் கமாண்ட் ஸ்டேஷன் பதிலாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே 3 என்ற பதில் வந்தாலே பிக்கப், மோட்டார் இரண்டும் சரியாக இணைந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். பதில் வராவிட்டால் டீகோடரைக் குறை சொல்வதற்கு முன் சக்கரத்தைத் துடையுங்கள், பிறகு ஆரஞ்சு, சாம்பல் இணைப்பைப் பாருங்கள்.

டீகோடருக்குள் இருக்கும் அமைப்பு எண்களுக்குச் சி.வி என்று பெயர். நூற்றுக்கணக்கில் இருக்கும், தொடக்கத்தில் தேவை நாலைந்துதான். சி.வி 1 எஞ்சினின் குறுகிய எண். சி.வி 2 கிளம்பும்போது கொடுக்கும் தொடக்க வோல்டேஜ். சி.வி 3 வேகம் ஏறும் நிதானம், சி.வி 4 நிற்கும் நிதானம். இரண்டிலும் 10 அளவில் தொடங்கிப் பாருங்கள். சி.வி 29 பல சிறு ஸ்விட்சுகளை ஒன்றாகக் கூட்டிய எண். 28 அல்லது 128 வேகப் படிகளுக்கு 2, டிசி தடத்திலும் ஓட அனுமதிக்க 4, நான்கு இலக்க எண் பயன்படுத்த 32, திசையை மாற்ற 1. பல டீகோடர்கள் 6 என்று வருவது 2-ம் 4-ம் சேர்ந்ததால். டிசியில் ஓட்டப்போவதில்லை என்றால் 4-ஐக் கழித்து 2 ஆக்கிவிடுங்கள். ஷார்ட் ஆகித் திரும்பும்போது எஞ்சின் திடீரென்று முழு வேகத்தில் பாயும் தொல்லை குறையும்.

எண்களைக் குழப்பிவிட்டால் பெரும்பாலான டீகோடர்களில் சி.வி 8-இல் 8 என்று எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஓடுகிறது, ஆனால்...

முன் விளக்கு எரியும்போது எஞ்சின் பின்னால் போனால் ஆரஞ்சையும் சாம்பலையும் இடம் மாற்றுங்கள். சி.வி 29-இல் 1-ஐக் கூட்டினால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள், ஆகாது. அது மோட்டாரையும் விளக்கையும் சேர்த்தே புரட்டும், தப்பு தப்பாகவே இருக்கும். சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் டிசிசியில் எந்த வித்தியாசமும் தெரியாது.

டிசியில் நன்றாக ஓடிய நான்கு சக்கரக் குட்டி எஞ்சின் டிசிசியில் பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) மேல் நின்று நின்று போகிறதா? மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் டிசி மோட்டார் சுழற்சி வேகத்திலேயே தாண்டிவிடும். டீகோடரோ அணைந்து, மறுபடி விழித்து, தன் எண்ணுக்கு வரும் அடுத்த செய்திக்குக் காத்திருந்து, பிறகுதான் கிளம்பும். பிக்கப்புகளைக் கூட்டுவது முதல் வைத்தியம். அதற்கு இடமில்லாவிட்டால், மின்சாரம் அறும் கணத்தில் தாங்கிப் பிடிக்கும் கெப்பாசிட்டர் தொகுப்பை டீகோடரோடு சேர்க்கலாம். கீப் அலைவ், ஸ்டே அலைவ் என்று விற்பார்கள். பெரிய தொகுப்பு இருந்தால் புரோகிராமிங் டிராக்கில் எண் படிப்பது குழம்பும், எனவே சி.வி வேலைகளை முடித்துவிட்டு அதைச் சேருங்கள்.

லேஅவுட்டை மாற்றுவது

‘இரண்டே ஒயர்’ என்பது ஒரு வட்டத் தடத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால் சரி அல்ல.

பழைய டிசி கண்ட்ரோலரை முழுவதும் கழற்றிவிடுங்கள். ஒரு பகுதி டிசியிலும் அடுத்த பகுதி டிசிசியிலும் இருந்தால், இடைவெளியைத் தாண்டும் எஞ்சின் சக்கரம் இரண்டையும் ஒரு கணம் இணைத்துவிடும். இரண்டில் ஒன்று போகும். தடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய கிளிப்புக்குள்ளும் ஒரு கெப்பாசிட்டர் ஒளிந்திருக்கும். டிசிசியின் கூரான செய்தி அலையை அது மழுக்கிவிடும், வெட்டி எறியுங்கள்.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினரை மின்பாதையாக நம்ப வேண்டாம். பலகைக்கு அடியில் 1.5 முதல் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இரண்டை ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஒயரை இறக்கி அதனுடன் சாலிடர் வையுங்கள். அலுப்பான வேலைதான்.

எதற்கு இவ்வளவு என்பது தடம்புரளும் நாளில் தெரியும். ஷார்ட் ஆனால் பூஸ்டர், அதாவது தடத்துக்குச் சக்தி கொடுக்கும் பகுதி, உடனே தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மெல்லிய ஒயரும் தளர்ந்த ஜாயினரும் நடுவில் தடுத்தால் 5 ஆம்ப்பில் அணையும் பூஸ்டருக்கு 4 ஆம்ப் மட்டுமே தெரியும். ‘ஏதோ நாலைந்து எஞ்சின் ஓடுகிறது’ என்று அது தொடர்ந்து கொடுக்கும். 15 வோல்ட்டில் 4 ஆம்ப் என்றால் 60 வாட். நீங்கள் சாலிடர் வைத்த அயர்னைப் போல இரண்டு மடங்கு. அந்தச் சூட்டில் கணிசமான பங்கு தடம்புரண்ட சக்கரத்தின் முனையில் இறங்கினால் பிளாஸ்டிக் போகி உருகி உட்காரும்.

சோதனை எளிது. ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் அந்தக் கணமே அணைய வேண்டும். லேஅவுட் முழுவதும் ஒவ்வொரு துண்டிலும், முக்கியமாக மூலை முடுக்குகளில், இதைச் செய்து பாருங்கள். அணையத் தயங்கும் இடத்தில் இன்னும் ஓர் ஒயர் இறக்க வேண்டும்.

திரும்பி அதே தடத்தில் சேரும் வளையம் இருந்தால் இடத் தண்டவாளம் சுற்றி வந்து வலத்தைத் தொடும். டிசியானாலும் டிசிசியானாலும் ஷார்ட்தான். வளையத்தின் இரு முனையிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, நடுப்பகுதிக்கு ஆட்டோ ரிவர்சர் என்ற கருவி வழியாக மின்சாரம் கொடுங்கள். சக்கரம் வெட்டைத் தாண்டி ஷார்ட் உணர்ந்தவுடன் அது அந்தப் பகுதியின் துருவத்தைப் புரட்டிவிடும். எஞ்சின் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். டீகோடருக்குத்தான் துருவம் பற்றிக் கவலை இல்லையே. பிரித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். உலோகச் சக்கரப் பெட்டிகள் இரண்டு வெட்டுகளிலும் ஒரே நேரத்தில் நின்றால் ரிவர்சர் எந்தப் பக்கம் புரட்டுவது என்று தவிக்கும்.

மாற்றாத எஞ்சின்களை என்ன செய்வது?

சில கமாண்ட் ஸ்டேஷன்கள் டீகோடர் இல்லாத எஞ்சின் ஒன்றை எண் 0 ஆக ஓட்ட அனுமதிக்கும். ‘0’ என்ற குறியின் ஒரு பாதியை நீட்டி, சராசரியை ஒரு பக்கம் சாய்ப்பதுதான் தந்திரம். நிற்கும்போதுகூட மோட்டார் ரீங்காரமிடும். முழு வோல்டேஜும் இரு திசையிலும் மாறி மாறி அதை உலுக்கிக்கொண்டே இருக்கிறது. சாதாரண மோட்டார் சூடாகும். இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் சில நிமிடங்களில் கருகிவிடும். வசதி இருக்கிறது என்பதற்காகப் பயன்படுத்த வேண்டியதில்லை.

ஒரே எஞ்சின், ஒரே வட்டத் தடம் என்றால் மாற்றவே வேண்டாம். டிசி அங்கே ஒரு குறையும் வைப்பதில்லை. இரண்டு வகையையும் வைத்துக்கொள்ள விரும்பினால் நடுவில் அணைந்து நிற்கும் நிலை கொண்ட இருமுனை இருவழி ஸ்விட்ச் ஒன்று போதும். தடத்தின் இரண்டு ஒயர்களையும் நடு முனைகளில் கோத்து, ஒரு பக்கம் டிசி கண்ட்ரோலர், மறுபக்கம் டிசிசி. லேஅவுட் முழுவதும் இது அல்லது அது, இரண்டும் ஒருபோதும் சேராது. ஸ்விட்சை டிசிசி பக்கம் தள்ளுவதற்கு முன், டீகோடர் இல்லாத எஞ்சின் ஒன்றுகூடத் தடத்தில் நிற்கவில்லை என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள், சுரங்கத்துக்குள்ளும்.